வவுனியாக் கடையில் விற்கும் சூழலியல் களப்பெட்டி: சட்டத்தில் நாலு சென்ரிமீற்றர் குறைகிறது

வவுனியா நகரில் பாடசாலை விஞ்ஞானகூடச் சாமான் விற்கும் ஒரு கடையில் நீலநிறப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் வெளிக்களச் செய்முறைக்கென்று அடுக்கிய பெட்டி. விலை 18,500 ரூபா. உள்ளே செடி எண்ண நிலத்தில் வைக்கும் அரை மீற்றர்ச் சதுரமான குவாட்ரற் சட்டம், 30 மீற்றர் அளவுநாடா, பூச்சி வலை, குளத்து வலை, ஊரும் பூச்சி விழ மண்ணில் புதைக்கும் குழிப்பொறிக்குப் பத்துக் கோப்பை, தோட்டக் கரண்டி, டல்கிறன் புனல், ஒரு போத்தல் ஃபோமலின், இனங்காணும் அட்டை, எட்டுப் பக்கக் கையேடு. பார்வைக்கு வடிவான பெட்டிதான். ஆனால் இந்த வகைச் சாமானின் பெறுமதி, கடைசியில் கொப்பியில் விழும் இலக்கத்தை நம்பலாமா என்பதில் இருக்கிறது. அதை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் தொடங்கலாம், ஏனென்றால் பெட்டியில் அதிகம் பாவிக்கப் போவது அதைத்தான். அரையங்குலப் பிவிசி குழாய், நாலு மூலைக்கு எல்போ, குறுக்கும் நெடுக்கும் தங்கூசி கட்டி 25 கட்டம். தங்கூசி நல்ல தெரிவு. பருத்தி நூல் பனியில் நனைந்து தொய்ந்துவிடும், சணல் முள்ளில் மாட்டும். தங்கூசிக்கு அந்தத் தொல்லை இல்லை. பிழை அளவில் இருக்கிறது. 50 சென்ரிமீற்றர் என்று போட்டிருப்பது சட்டத்தின் வெளி விளிம்புக்கு. குழாயின் தடிப்பு 20 மில்லிமீற்றர். இரண்டு பக்கத்திலும் கழித்தால் உள்ளே 46 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். செடி நிற்பது உள்ளே. ஆகவே எண்ணப்படும் நிலம் 0.25 சதுர மீற்றர் இல்லை, 0.2116 சதுர மீற்றர்.

நாலு சென்ரிமீற்றர் என்ன பெரிய விடயமா என்று கேட்கலாம். சட்டத்துக்குச் சராசரி ஆறு தும்பைச் செடி விழுகிறது என்று வையுங்கள். கையேடு சொல்வதுபோல நாலால் பெருக்கினால் சதுர மீற்றருக்கு 24. உண்மையில் 6ஐ 0.2116ஆல் பிரிக்க வேண்டும், வருவது 28.4. எண்ணும் ஒவ்வொரு இனத்தின் அடர்த்தியும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் குறைந்தே வரும். ஒரே சட்டத்தால் இரண்டு இடத்தை ஒப்பிட்டால் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழுவதால் அடர்த்திகளின் விகிதம் கெடாது. வேறு பாடசாலை வேறு சட்டத்தால் எடுத்த இலக்கத்தோடு ஒப்பிடும்போதுதான் வில்லங்கம். ஒரு செடி நிலத்தில் எவ்வளவை மூடுகிறது என்ற மூடுகை வீதம் எடுப்பதற்கு மட்டும் இந்தச் சட்டம் அப்படியே சரி, ஏனென்றால் 25 கட்டமும் சம அளவு, ஒரு கட்டம் எப்போதும் நூற்றுக்கு நாலுதான்.

திருத்துவதற்கு இரண்டு வழி. ஒன்று, நாலால் பெருக்குவதை விட்டு 4.73ஆல் பெருக்குவது. மற்றது, குழாயை வெட்டிப் புதிதாகச் செய்வது: எல்போ மாட்டியபின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 50 வரும்படி அளந்து வெட்டுங்கள். செய்கிறவர்கள் மூன்று மூலைக்கு மட்டும் பசை பூசுங்கள், நாலாவது மூலை கழன்று வரட்டும். பெட்டிச் சட்டத்தில் நாலு மூலையும் ஒட்டிவிட்டார்கள். புல்லில் சரி, ஒரு நாயுண்ணிப் பற்றையை மேலிருந்து எப்படி வளைக்கிறது? ஒரு பக்கம் திறந்தால் அடியால் நுழைத்துப் பூட்டலாம். ஆனாலும் ஒட்டிய சட்டத்துக்கு ஒரு நன்மை உண்டு: காற்று உள்ளே அடைபட்டுத் தண்ணீரில் மிதக்கும். குளத்தில் மிதக்கும் சல்வீனியாவையும் ஆகாயத்தாமரையையும் எடுக்க அதைவிட நல்ல சட்டம் கிடையாது. கடைக்காரர் அதை யோசித்துச் செய்திருப்பார் என்று தோன்றவில்லை.

சட்டத்தை எப்படி வைப்பது என்று கையேடு சொல்வதை மறந்துவிடுங்கள். 'கண்ணை மூடித் தோளுக்கு மேலால் எறியவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எறிகிறவர் நிற்பது முள்ளில்லாத வெளியில். விழுவதும் அதற்குப் பக்கத்தில். அது எழுமாறு இல்லை, வசதி. பிவிசி வெடிப்பதும் யாருடைய காலிலாவது படுவதும் தனிக் கதை. சரியான முறைக்கு 20 மீற்றருக்கு 20 மீற்றர் நிலம் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கத்துக்கு நாடா விரித்து, இலக்கச் சோடி எடுக்க வேண்டும். 0 முதல் 19 வரை எழுதிய துண்டுகளைப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள்; திரும்பப் போட்டு மற்றதை எடுங்கள். 7, 13 வந்தால் ஒரு நாடாவில் 7 மீற்றர், மற்றதில் 13 மீற்றர், சந்திக்கும் புள்ளியில் சட்டத்தின் இடதுகீழ் மூலை. அங்கே பற்றை இருந்தாலும் அங்கேதான். பெட்டியில் நாடா ஒன்றுதான் இருக்கிறது; இரண்டாவதுக்கு மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு போதும்.

எத்தனை சட்டம் வைப்பது? கையேடு பத்து என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. பத்து போதுமா என்பதை நிலம்தான் சொல்லும். ஒவ்வொரு சட்டத்துக்குப் பிறகும் அதுவரை கண்ட மொத்த இன எண்ணிக்கையை வரைபில் குறித்துக்கொண்டு போங்கள். உதாரணத்துக்கு முதலாவதில் 6, ஐந்தாவதில் 13, பத்தாவதில் 17, பதினைந்தில் 18, இருபதிலும் 18 என்றால் கோடு படுத்துவிட்டது, நிறுத்தலாம். பத்தோடு நிறுத்தியிருந்தால் ஒரு இனம் தவறியிருக்கும். தரவைக் காடு, பற்றை நிலம் போன்ற இடங்களில் கோடு படுக்கக் கூட நேரம் எடுக்கும்.

'சட்டத்துக்குள் உள்ள ஒவ்வொரு தாவரத்தையும் எண்ணவும்' என்பது அடுத்த தொல்லை. தும்பையை எண்ணலாம், பார்த்தீனியத்தை எண்ணலாம், நெருஞ்சியைக்கூட வேரைத் தேடி எண்ணலாம். அறுகை எப்படி எண்ணுவது? ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு வேரூன்றிய புல்லில் ஒரு தாவரம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை 4 என்று எழுதும், மற்றது 90 என்று எழுதும். அறுகு, கோரை, வல்லாரை போன்றவற்றுக்கு 25 கட்டத்தில் எத்தனை கட்டத்தில் வேரூன்றி நிற்கிறது என்று மட்டும் குறித்தால் போதும். கட்டங்களை எண்ணியவர்கள், பல்வகைமையை அளக்கும் சிம்சன் சுட்டியில் (கடைசியில் வருகிறது) n(n−1) வடிவத்தைப் பாவிக்கக்கூடாது, அது தனியன்களின் எண்ணிக்கைக்கு உரியது. ஒவ்வொரு இனத்தின் பங்கையும் வர்க்கித்துக் கூட்டி ஒன்றிலிருந்து கழிக்கும் வடிவம் இவர்களுக்குப் பொருந்தும்.

அளவுநாடா குறை சொல்ல முடியாத சாமான். கண்ணாடியிழை, துருப்பிடிக்காது, இலக்கம் அழியவில்லை. பூச்சியம் கொளுக்கியின் வெளிமுனையிலா உள்முனையிலா தொடங்குகிறது என்பதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் நாடா காற்றில் வில்லாக வளையும், ஐந்து மீற்றருக்கு ஒரு குச்சி குத்தினால் நேராக நிற்கும். இந்த நாடாவுக்கு வன்னியில் மிகப் பொருத்தமான வேலை வற்றும் குளம். ஆடி, ஆவணியில் குளத்தின் தண்ணீர் உள்வாங்கும்போது கட்டுக்குக் கீழிருந்து தண்ணீர் விளிம்பு வரை ஒரு கோடு இழுத்து, இரண்டு மீற்றருக்கு ஒரு சட்டம் வையுங்கள். மேலே காய்ந்த நிலத்துப் பூண்டுகள், நடுவில் அறுகு, கீழே ஈரத்தில் கோரையும் பொன்னாங்காணியும் என்று வலயம் வலயமாகப் பிரிந்து வரும். இங்கே எழுமாறு வேண்டாம். ஒழுங்கான இடைவெளிதான் வேண்டும், ஏனென்றால் கேள்வியே 'தண்ணீரிலிருந்து விலக விலக என்ன மாறுகிறது' என்பது.

பூச்சி வலையின் வாய் நல்லது, பை கூடாது. நுளம்பு வலைத் துணியில் தைத்திருக்கிறார்கள். உடை மரத்து முள்ளிலும் விடத்தலிலும் முதல் வீச்சிலேயே கிழியும். அடர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு பை தைத்து மாற்றுங்கள். ஒரு மாதிரிக்கு 25 வீச்சு என்று முடிவெடுத்தால் எல்லா இடத்திலும் 25தான், அதே ஆள்தான் வீச வேண்டும். பனி காயாத புல்லில் வீசினால் பூச்சி துணியில் ஒட்டி நசியும்.

குழிப்பொறிக்கு வருவோம். கோப்பைகள் பரவாயில்லை. ஆனால் பொறிக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள், வேண்டியது இரண்டு. வெளிக்கோப்பை குழிக்குள்ளேயே இருக்க, உள்கோப்பையை மட்டும் தூக்கி வெறுமையாக்கலாம். ஒற்றைக் கோப்பை வைத்தால் ஒவ்வொரு தரமும் விளிம்பு மண் இடிந்து விழும். பத்துக் கோப்பையில் ஐந்து பொறிதான் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு ஐஸ்கிறீம் கப் வாங்கலாம். தோட்டக் கரண்டி பூச்சாடிக்கு வாங்கிய சாமான். கோடையில் வன்னிச் செம்மண் செங்கல்லாகக் கிடக்கும், கரண்டி வளைந்துவிடும். அலவாங்கால் குத்தித் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும்.

குழி வெட்டுவதற்கு முன் ஒன்று. சட்டம் மண்ணின் மேல் வைக்கும் சாமான். குழிப்பொறி மண்ணைக் குத்தும் வேலை. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை முழுதாக முடியவில்லை. மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்ட பக்கம் போகவே கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் வழக்கமாகப் பயிர் செய்து நடமாடும் காணியிலேயே, கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். பேணிக்குள்ளிருந்து வந்த இலக்கம் எங்கே போகச் சொன்னாலும் இந்த விதி அதற்கு மேல். வன்னியில் விற்கும் பெட்டியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒதுக்கக் காட்டுக்குள் வேலை செய்ய வனவளத் திணைக்களத்தின் அனுமதியும், சரணாலயத்துக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும் என்பதும் இல்லை.

கோப்பையை வைக்கும் விதத்தில்தான் முடிவு தங்கியிருக்கிறது. விளிம்பு மண்ணோடு மட்டமாக, ஒரு மயிரிழை கீழே இருந்தாலும் நல்லது. இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலே நின்றால் எறும்பும் சிறு வண்டும் அதைச் சுவராக எடுத்துச் சுற்றிப் போய்விடும். பாய்ந்து வரும் பெரிய வெட்டுக்கிளிதான் விழும், பிறகு 'இங்கே எறும்பு இல்லை' என்று அறிக்கை எழுதுவார்கள். புதிதாகக் கிளறிய மண்ணுக்கு எறும்பு கூட்டமாக வருவதும் உண்டு, ஆகவே வைத்து இரண்டு நாள் மூடிவிட்டுப் பிறகு திறப்பது நல்லது. மேலே ஓட்டுத் துண்டொன்றை மூன்று கல்லில் நிறுத்தி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். மழைத் தண்ணீரும் சருகும் விழாது. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டு நிலத்தில் மட்டும் வையுங்கள். தாழ்வில் வெள்ளம் நிரம்பிக் கோப்பையே மிதந்து வரும். மாடு, நாய், மயில் மூன்றும் கோப்பையை இழுக்கும்.

ஃபோமலின் போத்தலைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அது புற்றுநோய் தரக்கூடிய இரசாயனம், மூடியைத் திறந்தாலே கண் எரியும், பிள்ளைகள் கையில் கொடுக்கும் சாமானே இல்லை. பொறியை 24 மணித்தியாலம் வைப்பதற்கு இரண்டு விரற்கடைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போதும். சவர்க்காரம் நீர்ப்பரப்பின் இழுவிசையை உடைப்பதால் விழுந்தது மிதந்து ஏறாது. எடுத்ததை வைத்திருக்க 70 வீத அற்ககோல். எண்ணிவிட்டு உயிரோடு விடுவதென்றால் அடியில் ஊசித்துளையிட்டு வெறும் கோப்பையாக வைத்துக் காலையும் மாலையும் பாருங்கள். கையை உள்ளே விடாமல் தட்டில் கொட்டிப் பாருங்கள், தேளும் பூரானும் விழுந்திருக்கும். வேலை முடிந்ததும் ஒரு கோப்பை மிச்சமில்லாமல் எடுத்துக் குழியை மூட வேண்டும். மறந்த கோப்பை தேரையையும் அரணையையும் மாதக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கும்.

டல்கிறன் புனல் ஒரு வேடிக்கை. சருகை வலைத்தட்டில் போட்டு மேலே பல்ப் எரிய விட்டால், சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்த சிறுபிராணிகள் கீழிறங்கிப் போத்தலில் விழும் என்பதுதான் இதன் தத்துவம். பெட்டியில் வைத்திருப்பது எல்இடி பல்ப். வெளிச்சம் வரும், சூடு வராது. சருகு மூன்று நாள் ஈரமாகவே கிடக்கும், போத்தலில் ஓரிரண்டு வந்தாலே அதிசயம். கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்க வாங்கும் பழைய இழை பல்ப், 25 வாற்று, சருகுக்கு ஒரு சாண் மேலே. கிட்டக் கொண்டுபோனால் மேல்படை ஒரேயடியாகக் காய்ந்து பிராணிகள் இறங்குமுன் செத்துவிடும், பிளாஸ்ரிக் புனலும் இளகும்.

குளத்து வலைக்குக் கையேட்டில் உள்ள முறை ஓடும் ஆற்றுக்கானது: நீரில் நின்று காலால் கல்லை உதைத்து வலையில் பிடிப்பது. மாரி போனால் வன்னி ஆறுகளில் பெரும்பாலும் மடுக்கள்தான் மிஞ்சும். குளத்து விளிம்பில் எட்டு வடிவமாக முப்பது செக்கன் அலசி, மூன்று இடத்தில் எடுங்கள். முதலை உள்ள குளங்களில் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். வலைப்பிடிக்கு மூங்கில் ஒன்றைக் கட்டிக் கரையில் நின்றே அலசலாம்.

இனங்காணும் அட்டையில் ஐரோப்பியப் புல்வெளிப் பூக்கள். ஓமந்தைப் பற்றையில் டெய்சி தேடுவதா? அட்டையை விட்டுவிட்டு, தெரியாததற்கு 'புல் அ', 'பூண்டு ஆ' என்று பெயர் வைத்து, ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்தி, இலக்கம் போட்டுக் கொண்டுவாருங்கள். பல்வகைமைச் சுட்டிக்குப் பெயர் தேவையில்லை; இதுவும் அதுவும் வேறு என்பது மாறாமல் இருந்தால் போதும்.

கடைசியாகக் கையேட்டின் ஏழாம் பக்கம். பெட்டியின் மிக மோசமான பிழை இங்கே இருக்கிறது. எட்வேர்ட் சிம்சன் 1949இல் தந்த சுட்டியை அச்சடித்திருக்கிறார்கள்: ஒவ்வொரு இனத்துக்கும் n(n−1) கண்டு கூட்டி, N(N−1)ஆல் பிரிப்பது; n ஒரு இனத்தின் எண்ணிக்கை, N எல்லா இனத்தினதும் மொத்தம். சூத்திரம் சரி. அதற்குக் கீழே 'விடை கூடினால் பல்வகைமை கூட' என்று ஒரு வரி. அது தலைகீழ்.

இரண்டு இடத்தை எடுத்துச் செய்து பாருங்கள். குளக்கட்டடியில் ஐந்து இனம்: 14, 11, 9, 8, 8. மொத்தம் 50. வீதியோரப் பார்த்தீனியத் திட்டில் ஐந்து இனம்: 42, 3, 2, 2, 1. மொத்தம் அதுவும் 50. கட்டடியில் n(n−1)இன் கூட்டுத்தொகை 182, 110, 72, 56, 56 சேர்ந்து 476. 2450ஆல் பிரித்தால் 0.19. வீதியோரத்தில் 1722, 6, 2, 2, 0 சேர்ந்து 1732, பிரித்தால் 0.71. கையேட்டின்படி பார்த்தீனியத் திட்டுத்தான் பல்வகைமை கூடிய வாழிடம்! இந்த 0.71 சொல்வது, கண்ணை மூடி இரண்டு செடி பிடுங்கினால் இரண்டும் ஒரே இனமாக இருக்க நூற்றுக்கு 71 வாய்ப்பு என்பதை. கூடினால் ஒற்றை இனத்தின் ஆதிக்கம் கூட. பல்வகைமை வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து கழியுங்கள்: கட்டடி 0.81, வீதியோரம் 0.29. அல்லது ஒன்றை அந்த விடையால் பிரியுங்கள்: 5.15, 1.41. இரண்டாவது வாசிக்க இலகு. வீதியோரத்தில் இனம் ஐந்து நின்றாலும் ஒன்றரை இனம்கூட இல்லாத இடம்போலத்தான் நடக்கிறது. எந்த வடிவம் பாவித்தது என்று அறிக்கையில் எழுதாவிட்டால் இலக்கம் பிரயோசனமில்லை.

அடுத்த பக்கத்தில் பல்வகைமைக்கு இன்னொரு அளவான ஷனன் சுட்டி. இதே கட்டடிக்கு இயற்கை மடக்கையில் 1.58 வரும், 10ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் 0.69 வரும். கையேட்டின் உதாரணம் எந்த மடக்கை என்று சொல்லவேயில்லை. எக்செலில் 'லொக்' சார்பு கொடுத்தால் அது 10ஐ அடியாக எடுக்கும். 'எல்என்' கொடுத்தால் இயற்கை மடக்கை. ஒரு குழு ஒன்றையும் மற்றது மற்றதையும் பாவித்தால் ஒரே நிலம் இரண்டு நிலமாகிவிடும்.

பெட்டி முழுவதும் தரையோடு நிற்கிற பெட்டி என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். பாலை, வீரை, முதிரை நிற்கும் காட்டில் அரை மீற்றர் சட்டத்தால் நாற்றைத்தான் எண்ணலாம். மரத்துக்குப் பத்து மீற்றர்ச் சதுரம், 1.3 மீற்றர் உயரத்தில் சுற்றளவு எடுக்கத் தையற்கார நாடா. மரப்பொந்தில் உள்ளதும் அகப்படாது. மாங்குளத்தில் காணப்பட்டு 2012இல் விபரிக்கப்பட்ட பொயிசிலோதீரியா ராஜேய் என்ற பெருஞ்சிலந்தி மரத்தில் வாழ்வது. இந்தப் பத்துக் கோப்பையை ஆண்டு முழுக்க வைத்தாலும் அதன் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

18,500 ரூபாவுக்குள் முழுதாகப் பாவிக்கக்கூடியவை நாடா, குளத்து வலை, பூச்சி வலையின் வளையமும் பிடியும், கோப்பைகள். அவற்றைத் தனித்தனியே வாங்கி, குழாயும் எல்போவும் இரும்புக்கடையில் எடுத்துச் சட்டத்தைத் தாங்களே செய்கிற பாடசாலைக்குப் பெட்டி தேவைப்படாது. தேடி அலைய நேரமில்லாத ரீச்சர்மாரும் சேர்மாரும் வாங்கலாம், ஆனால் காசு கொடுக்குமுன் கடையிலேயே ஒரு அடிமட்டத்தைச் சட்டத்தின் உள்விளிம்பில் வைத்து அளவுங்கள்; 46 என்றால் குழாயை மாற்றித் தரச் சொல்லுங்கள், பல்பையும் சேர்த்து.